பட்டை இருந்த இடம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

காலையில் பால் வாங்கப் போன என் மகள் மீனாவை எதிர்வீட்டு நாய் கடித்துவிட்டது. கணுக்காலில் இரண்டு பல் தடம். முதல் ஊசி போட்டாயிற்று. சாயங்காலம் அந்த வீட்டு முருகேசனிடம் போய்க் கேட்டேன்.

"அது நம்ப நாயி இல்ல சார், தெரு நாயி. சோறு வெக்கிறதால வந்துகினு கீது."

நேற்றுவரை அதன் கழுத்தில் சிவப்புப் பட்டை இருந்தது. இன்று அந்த இடத்தில் முடி மட்டும் வளையமாக அமுங்கியிருக்கிறது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார். கேட்டைச் சாத்தும்போது சொன்னார்: "பயப்படாதீங்க சார், வருசா வருசம் ஊசி போட்டுகினுதான் கீறோம்."

தெரு நாய்க்கா?

படுக்கும்போது மீனா கேட்டாள், "அதுக்கு வெறி கிறி இருக்குமாப்பா?"

"இருக்காதும்மா" என்றேன். பட்டையைக் கழற்றிய ஆள், ஊசி விஷயத்திலாவது உண்மை சொல்லியிருக்க வேண்டுமே.