பன்னிரண்டு சொல் கேட்டவன்

"பன்னிரண்டு சொல்தானே, போன்ல படம் பிடிச்சு வெச்சா என்னடி?"

"அந்தச் சொல்லுதான் நம்ம பிட்காயினுக்குச் சாவி. எவன் கண்ணுல பட்டாலும் பணம் அவனோடது, ருத்திலியோ!"

இந்தச் சண்டையைப் பாதியில் விட்டு நீங்கள் கடலுக்குப் போனதும், மறந்து வைத்த உங்கள் போன் அடித்தது.

"பிட்காயின் கம்பெனியிலேருந்து பேசறேம்மா. உங்க கணக்கு பூட்டிக்கிச்சு. அந்தப் பன்னிரண்டு சொல்லைச் சொல்லுங்க."

"எழுதிக்கோ ராசா. சோளமாவு, உப்பு, சீஸ், பீன்ஸ்..." என்று புபுசா ரொட்டி சுடும் பக்குவத்தையே சொன்னேன். பன்னிரண்டையும் எழுதிக்கொண்டான்!

நம் மகள் யெசேனியா ஹூஸ்டனில் வீடு துடைத்து அனுப்பிய பணத்தில் ஒரு காசு குறையவில்லை. நீங்கள் போனில் பிடித்து வைத்திருந்த படத்தை அழித்துவிட்டேன். சொற்களைத் தாளில் எழுதி ஒளித்தாயிற்று. எங்கே என்று இந்தச் சீட்டில் எழுதமாட்டேன். உங்கள் புபுசா அடுப்பருகே மூடியிருக்கிறது. நான் பூசைக்குப் போகிறேன்.

நிக்கோலாசா

பி.கு.: மறுபடி கூப்பிட்டு, "திறக்கலையே பாட்டி" என்றான்.

"மாவை நல்லாப் பிசைஞ்சியா?" என்று கேட்டேன்.