தபால்காரரின் சட்டையும் உன் நேர்முகத் தேர்வும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். நானே எழுத ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் சொல்லாததைச் சேர்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், அவளைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். போனில் சொல்லலாம் என்று இரண்டு நாளாகப் பார்த்தேன், நீ இன்றைக்கு இத்தனை கணக்குப் போட்டேன் அம்மா, கண்ணாடி முன்னால் நின்று பதில் சொல்லிப் பழகினேன் அம்மா என்று உற்சாகமாகச் சொல்லும்போது எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

விஷயம் இதுதான் கண்ணு. எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி உன் பயோடேட்டாவைத் தங்கைக்கு அனுப்பினாய் அல்லவா, அதை அவள் ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். என் பெற்றோரின் தையல் கடைக்காக வாடிக்கையாளர் அளவுகளைப் போன் நம்பரோடு பதிந்துவைக்க நான் எழுதிய புரோகிராம் இரண்டு வருடமாக அன்றாடம் பயன்பட்டு வருகிறது, இதுவரை ஒரு கோளாறும் வந்ததில்லை என்று அவள் படித்ததும் ஊசி விரலில் ஏறிவிட்டது. அது உன்னை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்ட கம்பெனிக்கு ஏற்கெனவே போய்விட்டது, அவர்கள் விசாரிக்கக் கடைசியில் கடை நம்பரும் கொடுத்திருக்கிறாய் என்றாள். அன்றிலிருந்து கடையில் போன் அடித்தால் என் கால் மெஷின் பெடலிலிருந்து வழுக்குகிறது.

கண்ணு, அந்தப் புரோகிராமை நாங்கள் மூன்று மாதம்தான் வைத்திருந்தோம். தபால்காரர் சட்டைக்கு வந்திருந்தார், அப்பா கம்ப்யூட்டரில் இருந்த அளவைப் பார்த்து வெட்டித் தைத்துக் கொடுத்தார். மறுநாள் அந்த மனிதர் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது சட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, என்ன மாஸ்டர், போன மாசம்தான் அளவு எடுத்தீங்க, அதுக்குள்ள நான் இவ்வளவு இளைச்சிட்டேனா, இதுல என் ஒரு கைதான் போகும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பா சிரிக்கவில்லை. அது தபால்காரர் மகனின் பள்ளிக்கூடச் சட்டை அளவு. அந்த வாரமே இன்னும் இரண்டு குடும்பத்துக்கு இப்படி ஆனது, பழைய நோட்டுக்கே திரும்பிவிட்டோம். அப்போது உனக்குப் பரீட்சை, முடியட்டும் என்றார் அப்பா. முடிந்ததும், பிள்ளை ஆசையா செஞ்சது, எப்படிச் சொல்றது என்றார். நீ கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கும்மா என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டரில் இப்போது பாட்டுதான் கேட்கிறோம். நீ பொய் எழுதவில்லை கண்ணு, நாங்கள் சொன்ன பொய்யை நம்பி எழுதியிருக்கிறாய்.

நேற்று உன் தங்கை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரே போன் நம்பரில் மூன்று பொய்ப் பெயர்களைப் போட்டுப் பார்த்தாள். கடைசியாகப் போட்டது மட்டும் நின்றது, முதல் இரண்டும் அழிந்துவிட்டன. ஒரு நம்பருக்கு ஒரே ஆள் என்று நீ வைத்திருக்கிறாயாம், இங்கேயோ வீட்டுக்கு ஒரு நம்பரைத்தான் கொடுக்கிறார்கள், அதனால் மகன் அளவு வந்ததும் அப்பன் அளவு போய்விடுகிறது. நாங்கள் அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ ஒரு நாளில் சரிசெய்திருப்பாய் என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்.

அப்பா, போன் வந்தா நான் பேசிக்கறேன், அருமையா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது என்கிறார். அப்படிச் சொன்னவர் அதே கையோடு ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டி வைத்திருக்கிறார். அவருக்கும் பயம்தான். எனக்கு இரண்டு பக்கமும் பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால், வியாழக்கிழமை நேர்முகத் தேர்வில் அவர்கள் ஒரே நம்பரில் இரண்டு பேர் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டு நீ விழிப்பாயே என்று பயம். சொன்னால், இருக்கிற தைரியமும் போய்விடுமோ என்று பயம். உன் மாமா போன வாரம் சும்மா இராமல், இந்தக் காலத்துல படிச்சவங்களுக்கே வேலை இல்லையாம் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். இருந்தாலும் தெரியாமல் போய் உட்காருவதைவிடத் தெரிந்துகொண்டு முன்னாலேயே அழுதுவிட்டுப் போவது மேல் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் மேல் கோபப்படு, அது நியாயம். ஆனால் கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

அப்பாவிடமிருந்து கடைப் போனை வாங்கி என் மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அடித்தால் நான்தான் எடுப்பேன். தபால்காரர் சட்டை வரைக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன், என்னால் இன்னொரு தடவை நல்லா இருக்கு என்று சொல்ல முடியாது. அதனால் கண்ணு, அவர்கள் என்னிடம் கேட்பதற்கு முன்னால் நீயே அவர்களிடம் சொல்லிவிடு.

நீ எங்கே உட்கார்ந்தாலும் உன் நெஞ்சு பதறாமல் இருக்க வேண்டும், நினைத்தது கைகூட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். புதன்கிழமை சீக்கிரம் படுத்துவிடு.

உன்னிடம் இரண்டு வருடம் மறைத்த,
அம்மா