ஒரே பிளக்கில் இரண்டு வண்டி

அன்புள்ள கடுகுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம், சமையலறை மட்டும் பன்னிரண்டு நாளாகக் கொஞ்சம் சுகமில்லாமல் கிடக்கிறது, அங்கே நீயும் உன் அறைத்தோழியும் ஜன்னலோரம் வாடிக்கொண்டிருந்த அந்தச் செடியும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இன்று காலை எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் நான் செய்த முதல் காரியம், தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துவந்து ஏர் ஃப்ரையரை நீளம், அகலம், உயரம் என்று மூன்று பக்கமும் அளந்ததுதான். உன் அப்பா காலை ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்கே பணிமனைக்குப் போய்விட்டதால் யாரும் பார்க்கவில்லை. எதற்கு அளந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே கடைசிப் பக்கத்துக்குத் தாவினால் காதைத் திருகுவேன், கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறோம் என்ற தைரியம் வேண்டாம். அம்மா, ஓவன் வாங்கட்டுமா ஏர் ஃப்ரையர் வாங்கட்டுமா, ஒரே வரியில் சொல்லு என்று போன வாரம் கேட்டிருந்தாய். ஒரு வரியில் சொல்கிற அளவுக்கு இந்த வீட்டில் எதுவும் எளிதாக நடப்பதில்லை. ஃபோனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் நின்று நான் பேசுவதற்கெல்லாம் விளக்கவுரை சொல்வார். அதோடு, அவர் காதில் இப்போதைக்கு விழக்கூடாத ஒன்றும் இதில் இருக்கிறது. நான்கு மணி நேர ரயில் தூரத்தில் எங்கள் துறை புதிதாக ஒரு தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகம் திறக்கிறது, அதை இரண்டு வருஷம் பொறுப்பெடுத்து நடத்த என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே, சனி ஞாயிறு இங்கே. கடிதம் பத்து நாளாக என் கைப்பையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டும். இன்று புதன்.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன். உன் அப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர், எண்ணெயக் கொஞ்சம் கொறச்சுக்குங்க சார் என்றார், அவ்வளவுதான். வீடு வந்து சேர்வதற்குள் இவர் அதைச் சட்டமாக்கி, எண்ணெயே இல்லாமல் பொரிக்கிற ஏர் ஃப்ரையர் வாங்கியே தீர வேண்டும் என்று நின்றார். பொரித்ததை விடு என்றால் பொரிக்கிற மெஷினை வாங்கப் புறப்படுகிற மனிதரை என்ன சொல்வது. எனக்கோ கல்யாணம் ஆன நாளிலிருந்து ஓவன்மேல் ஒரு கண், வீட்டிலேயே ரொட்டி சுட வேண்டும், அது உப்பி எழும்புவதைக் கண்ணாடி வழியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று. மூன்று வாரம் சண்டை. உப்பை எடுத்துக் கொடு என்பதைக்கூட இருவரும் சுவரைப் பார்த்துச் சொன்னோம். கடைசியில் எனக்கே அலுத்துப்போய், பாவம், உடம்புக்காகத்தானே கேட்கிறார் என்று அவருக்குத் தெரியாமல் ஏர் ஃப்ரையருக்கு ஆர்டர் போட்டேன். அதே நாள், அதே மத்தியானம், பணிமனையில் பேருந்துகளுக்கு நேர அட்டவணை எழுதிக்கொண்டிருந்த உன் அப்பா, பாவம் அவ, இருபத்திநாலு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கா என்று எனக்குத் தெரியாமல் ஓவனுக்கு ஆர்டர் போட்டிருக்கிறார். இரண்டு பெட்டியும் ஒரே வண்டியில் வந்து இறங்கின. கொண்டுவந்தவர் ஆளுக்கொரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஏன் சார், வீட்டுக்குள்ள ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிற பழக்கம் கிடையாதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நெகிழ்ந்துபோய் நின்றிருப்போம் என்று நினைக்காதே. கால் மணி நேரம் நெகிழ்ந்தோம். பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஒரு சீட்டு விழுந்தது, பதினான்கு நாளுக்குள் பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று. உடனே சண்டை மறுபடி ஆரம்பித்தது, ஆனால் ஆட்கள் இடம் மாறிவிட்டோம். நான் வாங்கியதற்கு நான் வக்கீல், அவர் வாங்கியதற்கு அவர் வக்கீல். எந்த வாயால் மூன்று வாரம் ஓவன் ஓவன் என்றேனோ அதே வாயால், ஏர் ஃப்ரையர் இல்லாத வீடு ஒரு வீடா என்று வாதாடினேன். அவரோ, ரொட்டி வாசனை வராத வீட்ல மனுஷன் இருப்பானா என்கிறார், வாழ்நாளில் ரொட்டியை முகர்ந்துகூடப் பார்க்காதவர். சரி, நேருக்கு நேர் போட்டி வைத்துவிடலாம் என்று உருளைக்கிழங்கை ஒரே கனத்தில் நறுக்கி, தராசில் நிறுத்து, சரிபாதி இதில், சரிபாதி அதில். தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் உள்ள மேடை உனக்குத் தெரியும், பூனை படுத்தால் வால் வெளியே தொங்கும், அங்கே பெரிய பிளக் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதில் ஒரு நீட்டிப்பு ஒயரைச் செருகி இரண்டையும் ஒன்றாகப் போட்டோம். நாலாவது நிமிடம் டப் என்று ஒரு சத்தம், வீடு இருண்டது. வீடு மட்டுமில்லை, கீழே பல் டாக்டரின் கிளினிக்கும் சேர்ந்து இருண்டது. அந்த டாக்டர் பெண் கையுறையோடு மாடிப்படி ஏறி வந்து, அக்கா, ஒருத்தர் வாயத் தொறந்தபடி இருட்டுல உக்காந்திருக்காரு, மூடவா வேணாமான்னு சைகையில கேக்குறாரு, நான் என்ன பதில் சொல்லட்டும் என்றாள். எலக்ட்ரீஷியன் வந்து ஒயரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரே உறைக்குள்ள ரெண்டு கத்தி வைக்கப் பாக்குறீங்க, இந்த லைன் தாங்காது, ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடணும் என்றார். அவ்வளவுதான், உன் அப்பாவின் முகத்தில் விளக்கு எரிந்தது. இவ்ளோதானா, எங்க டெப்போல ஒரே பிளாட்பாரத்துல நாப்பது வண்டியை நேரம் மாத்தி விடுறோம், ரெண்டு வண்டியை விட முடியாதா என்றார்.

மறுநாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அட்டவணை ஒட்டியாயிற்று. காலை ஆறு நாற்பது மினி பஸ், மாலை ஏழு பத்து டபுள் டெக்கர். மினி பஸ் என்றால் ஏர் ஃப்ரையர், சின்னது, சட்டென்று கிளம்பும், சட்டென்று வந்து சேரும், ஓடும்போது இரைச்சல். டபுள் டெக்கர் என்றால் இரண்டு தட்டு வைத்த ஓவன், இன்ஜின் சூடாகவே பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும், ஆனால் ஏறுகிறவர்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகும். நான் மினி பஸ்ஸில் காலிஃபிளவரைக் குவியலாகத் திணித்த அன்று அது பொரியவில்லை, பாதி வெந்து பாதி வியர்த்து வந்தது. உடனே இவர், மினி பஸ்ல ஸ்டாண்டிங் கெடயாதும்மா, சீட்டுக்கு ஒரு ஆளு, பாதி வழியில ஒரு குலுக்கு குலுக்கணும் என்றார். அவர் சொன்னது சரிதான் என்பதுதான் எரிச்சல். என் பங்குக்கு நானும் ஒரு காகிதத்தைக் கூடையின் அடியில் விரித்து, மேலே எதுவும் வைக்காமல் ஓடவிட்டேன், காற்று அதைத் தூக்கிக் கம்பிச் சுருளில் ஒட்டிவைத்தது. வெந்நீர் தவிர எதையும் வைத்தறியாத மனிதர் எனக்குப் பாடம் எடுக்கிறார். ஒருமுறை நான் மூன்று நாள் பயிற்சிக்குப் போனபோது அவர் முட்டையை வேகவைத்து, தண்ணீர் வற்றி, முட்டை வெடித்துக் கூரையில் ஒட்டியதே, அந்தக் கறை இன்னும் அங்கேதான் இருக்கிறது, மீதி இரண்டு நாளும் வாழைப்பழம்தான். எனக்கு வேலைக் கடிதம் வந்ததும் முதலில் நிமிர்ந்து பார்த்தது அந்தக் கறையைத்தான்.

அவரிடமே கேட்டுவிடலாமே என்று நீ சொல்வாய். கேட்டால் உடனே, போயிட்டு வா, எனக்கென்ன என்பார், எனக்குத் தெரியும். ஓவன் வந்த கதைதான் பார்த்தாயே, விட்டுக்கொடுப்பதில்கூட முந்திக்கொள்ளப் பார்க்கிறவர் அவர். அந்தப் பதில் அவருடையதா, எனக்காகச் சொன்னதா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதேபோல் ஒன்று வந்தபோது நீ ஏழாம் வகுப்பு, நானே யாரிடமும் கேட்காமல் வேண்டாம் என்று எழுதிவிட்டேன், அதற்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தில் எத்தனையோ பேர் வந்து என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். மேலதிகாரி அம்மா இந்தத் தடவை, நீ போ, இல்லேன்னா ஏன் போகலேன்னு உனக்காவது ஒரு காரணம் சொல்லிக்கோ என்றார். தண்ணீரிடம் போய் நீ நல்லா இருக்கியா என்று கேட்டு எழுதிக்கொள்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது, மாதிரி எடுத்துத்தான் பார்ப்போம். அதனால் நேற்று முன்தினம் ஒரு மாதிரி எடுத்தேன். சமைத்து வைக்காமல் கிளம்பினேன், சாயங்காலம் வேலை இருக்கு, வர நேரமாகும் என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன். வேலை ஒன்றுமில்லை. கழுவிவைத்த குடுவைகளை மறுபடியும் கழுவிக்கொண்டு எட்டு மணி வரை இருந்தேன். ஃபோனை மேசைமேல் முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். உப்பு எங்கே, கத்தி எங்கே, எப்போது வருகிறாய், எதற்காவது கூப்பிடுவார் என்று பார்த்தால், ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மாடிப்படியிலேயே பூண்டு வறுபட்ட வாசனை. பல் டாக்டர் கதவைப் பூட்டிக்கொண்டே, அக்கா, ரெண்டு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லித்தான் பேஷன்டை அனுப்புறேன், மேல இருந்து இப்படி வாசனை விட்டா என் தொழில் என்னாகும் என்றாள். மேலே அவர் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, விடியற்காலை ஷிஃப்டுக்காகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மேடையில் ஒரு தட்டு, மேலே மூடி, மூடிமேல் அட்டவணை எழுத்தில் ஒரு சீட்டு, கடைசி வண்டி, ஒரு இருக்கை உனக்காக, மினி பஸ்ஸில் மூன்று நிமிடம் சூடாக்கவும். சூடாக்கினேன். டபுள் டெக்கரில் ஏற்றிய கோழி நன்றாக வெந்திருந்தது, வெங்காயம் இனித்தது, கேரட் மட்டும் ஓரம் கருகியிருந்தது. அந்தக் கேரட்டைத்தான் முதலில் தின்றேன், ஏதோ ஒரு குறையாவது கிடைத்ததே என்று. உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. நான் இல்லாமல் முடியாது என்று இத்தனை வருஷம் புலம்பியது நான், அவர் அல்ல என்பது அந்தத் தட்டைப் பார்த்தபிறகுதான் உறைத்தது. காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, கேரட்டை இன்னும் கொஞ்சம் பெருசா வெட்டணும் இல்ல என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த தடவைக்குச் சொன்னேன் என்றார். அடுத்த தடவை என்ற சொல் எனக்கு நாள் முழுக்கக் காதிலேயே இருந்தது.

உன் கேள்விக்கு இப்போது பதில். கடைக்காரர்கள் என்ன சொன்னாலும் இரண்டும் ஒன்றுதான், உள்ளே ஒரு சூட்டுக் கம்பி, ஒரு விசிறி, ஒன்றில் இடம் சின்னது காற்று வேகம், மற்றதில் இடம் பெரியது காற்று நிதானம். பொரிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர ஏர் ஃப்ரையர் செய்வதும் சுடுவதுதான். நீயும் தோழியும் மட்டும் என்றால், வேலை முடிந்து பசியோடு வருகிறவர்கள் என்றால், அதுவே போதும், கூடையை அன்றன்றே கழுவு, ஊறட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்கிற உன் பழைய புத்தி அதனிடம் செல்லாது. ரொட்டி, கேக், நாலு பேருக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு என்று போனால் ஓவன், ஆனால் அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் இடம் விடு, திரைச்சீலை பக்கத்தில் வைக்காதே, வெளிப்பக்கமும் சுடும். வாங்குவதற்கு முன் பிளக்கைப் பார், வீட்டுக்காரரிடம் கேள், கீழே யாராவது வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பார். எத்தனை பேருக்குச் சமைக்க ஆசை என்பதை வைத்து வாங்காதே, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நிஜமாகவே எத்தனை பேருக்குச் சமைப்பாய் என்பதை வைத்து வாங்கு.

வெள்ளிக்கிழமை கடை ஆள் வந்து எதைத் திருப்புகிறீர்கள் என்று கேட்பார். எதையும் இல்லை என்று சொல்லப்போகிறேன். டபுள் டெக்கர் இங்கேயே உன் அப்பாவிடம் ஓடட்டும், சனி ஞாயிறு நான் அதில் ரொட்டி போடுகிறேன். மினி பஸ் பரணில் கிடக்கிற உன் பழைய நீலப் பெட்டிக்குள் கூடையோடு சரியாகப் போகிறது, மேலே நாலு விரல் இடம் மிச்சம், சுற்றி நாலு துண்டு வைத்தால் ஆடாது, காலையில் அதைத்தான் அளந்தேன். பதிலையும் எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டேன். இன்னும் ஒரு உயிருக்கும் சொல்லவில்லை, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் ஏழு பத்து வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவரிடம் நானே சொல்லியிருப்பேன். அவர் ஃபோனில் சொல்லும்போது புதிதாகக் கேட்பதுபோல் ஆச்சரியப்படு, சிறுவயதிலிருந்தே அதில் நீ கெட்டிக்காரி. காலையில் வெறும் வயிற்றில் ஓடாதே, செடிக்குத் தண்ணீர் விடு, அம்மாவின் ஆசி உன் தலைமேல் எப்போதும் இருக்கும், நல்லா இரு.

திங்கள் முதல் வெள்ளி வரை வேறு முகவரிக்கு எழுத வேண்டிய,
உன் அம்மா