எலுமிச்சைக்கு ஒரு டிரைவர்

அன்பு நண்பா,

இன்று அமாவாசை. காலையில் கம்பெனி வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு, மெஷின்களுக்கெல்லாம் புது எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். ஊசி குத்திய எலுமிச்சையின் வாசனை, ஆயில் நாற்றத்தையும் மீறி என் அறைவரை வந்தது. உன்னை நினைக்காமல் எப்படி இருப்பேன்? எலுமிச்சைக்கு டிரைவர் எழுதிய ஒரே ஆள் உலகத்திலேயே நீதானே!

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எனக்கு ஓசூரில் கிடைத்த முதல் சிநேகிதம், பாகலூர்க்காரனான நீ. கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள நாம் இரண்டே பேர். ஃபோர்மேனிடம் கன்னடம், கேன்டீனில் தெலுங்கு, என்னிடம் தமிழ். எந்த மொழியானாலும் உன் வாய்க்கு நக்கல் ஒன்றுதான் வேலை.

அந்த வருடம் நம் மேனேஜர் பெங்களூரில் ஏதோ கண்காட்சிக்குப் போய்வந்தார். அதன் பிறகு ஏஐ, பிளாக்செயின், குவாண்டம், ஜீரோ டிரஸ்ட் என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சே இல்லை. "நாளைக்கே ஹேக்கர் நம்ம லேத்துல வந்து உக்காந்துக்குவான்யா" என்று எல்லாரையும் பயமுறுத்தினார். பாதுகாப்பு மொத்தத்தையும் வெளிக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு, நம் இருவரையும் அனுப்பிவிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் அப்போதுதான் மூக்கண்டப்பள்ளியில் வீடு பிடித்து, மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து கூட்டிவந்திருந்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயோ, "வுடு மச்சி, அந்தாளுக்குப் புரியற மாதிரி ஒண்ணு எழுதறேன்" என்று உட்கார்ந்துவிட்டாய்.

பிரிண்டரையோ கேமராவையோ கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைக்கிற சின்ன புரோகிராம்தான் டிரைவர். நீ அறிமுகம் செய்துவைத்தது, மேலே தொங்கும் எலுமிச்சையை. கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் பச்சை எழுத்து வரும்: 'லெமன் செக்யூரிட்டி இணைக்கப்பட்டது. ஏஐ கண்திருஷ்டித் தடுப்பு இயங்குகிறது.' ஒரே நூலில் கோத்த எலுமிச்சையும் மிளகாயும்தான் பிளாக்செயினாம். பக்கத்துக் கம்பெனிக்காரன் கண் உட்பட எந்தக் கண்ணையும் நம்பாததால் ஜீரோ டிரஸ்டாம். அமாவாசைக்கு அமாவாசை அப்டேட். உண்மையில் அது செய்த வேலை என்று ஒன்றுமே இல்லை.

அந்த வெளிக் கம்பெனியின் விற்பனைக்காரர் வந்த அன்று, மீட்டிங் அறையில் நீதான் புரொஜெக்டரை மாட்டினாய். சுவர் முழுக்க உன் பச்சை எழுத்து.

"என்னய்யா இது?" என்றார் மேனேஜர்.

"இப்போதைக்கு நாம யூஸ் பண்றது சார். இவங்க சிஸ்டம் இதுகூட ஒத்துப்போவுமான்னு கேட்டுக்கலாம்" என்றாய், முகத்தை இம்மிகூட மாற்றாமல்.

விற்பனைக்காரர் சுவரை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. "கண்டிப்பா சார். லெமனுக்கு ஃபுல் சப்போர்ட் இருக்குது. எங்க கஸ்டமர்ஸ் நெறைய பேரு லெமன்லருந்துதான் எங்ககிட்ட மாறினாங்க."

மேனேஜர் சுவரை நிதானமாகப் படித்தார். பிறகு கதவுக்கு மேலே தொங்கிய எலுமிச்சையை நிமிர்ந்து பார்த்தார்.

"மிளகாய்க்கு?"

"அடுத்த வெர்ஷன்ல வந்துரும் சார்."

சிரிப்பை மறைக்க நான் குனிந்து புரொஜெக்டர் ஒயரைச் சரிசெய்வதுபோல் நடித்தேன். மேனேஜர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். இன்றோடு நம் சீட்டுக் கிழிந்தது என்றே நான் நினைத்தேன். அவர் உன்னிடம், "நாளைக்கு அமாவாசை. மறக்காம அப்டேட் பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வெளிக் கம்பெனிப் பேச்சு அதோடு நின்றது; நம் வேலை தப்பியது. என் மகள் இந்த ஊரிலேயே வளர்ந்து, பர்கூரில் இன்ஜினியரிங்கும் முடித்துவிட்டாள்.

உன் இதயம் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் நின்று, நீ போயிருக்க வேண்டாம். உன்மேல் எனக்குக் கோபம்தான். ஆனாலும் உன்னை நினைத்தால் அழுகையை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிடுகிறது.

இப்போது எதை வாங்குவது என்று முடிவெடுக்கிற இடத்தில் என்னை வைத்திருக்கிறார்கள். போன வாரம் பாதுகாப்பு மென்பொருள் விற்க ஒரு பெண் வந்தாள். நம் பழைய மெஷின் ஒன்றைக் காட்டி, இதற்கு ஒத்துவருமா என்று கேட்டேன். அவள் மெஷினைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"தெரியல சார். போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

அந்தத் 'தெரியல'வைக் கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. அவளையே வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டேன். எல்லாம் இருக்கிறது என்பவனை விட்டுவிட்டு, தெரியவில்லை என்பவரை நம்புகிற ஒரு காதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய் நண்பா. இதுவரை அது என்னைக் கைவிட்டதில்லை.