பெயரை மட்டும் விட்டுவிட்டாய்

கர்த்தருடைய பெரிய ஊழியனும், பிரசங்க மேடைகளின் சிங்கமும், சின்ன வயதில் என் தோளில் ஏறி உட்கார்ந்து என் தலையைப் பாதி மொட்டையாக்கியவனுமாகிய அருமை மருமகனுக்கு, மீதி முடியும் உதிர்ந்துவிட்ட உன் தாய்மாமன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இதில் நான் சொல்லப்போகும் கதையை வானத்தின் கீழ் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன். எழுத உட்கார்ந்ததும் பாரம் தாங்காமல் இரண்டு பேனாக்கள் உயிரை விட்டன. மேசையின் ஒரு கால் முழங்காற்படியிட்டுவிட்டது. அதற்கு முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டு தொடர்கிறேன்.

நாங்கள் சுகம். கடையில் வியாபாரம் கடலாகப் பொங்கி, போன வாரம் கூட்டத்தை அடக்கக் குதிரைப்படை வரவேண்டியதாயிற்று. அதாவது, ஒரு வாத்தியார் கண்ணாடிக்கு மூக்குத்தாங்கி மாற்ற வந்தார். உன் அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. படியேறும்போது அவள் விடும் பெருமூச்சில் மாடியில் காயும் என் சட்டைகள் அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டன. உன் சுகத்தை நாங்கள் விசாரிக்க வேண்டியதில்லை, போனில்தான் தினமும் தரிசனம் தருகிறாயே.

அந்தத் தரிசனத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த உன் அத்தை தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்து, உன் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தோல் உரித்தேன். "வறண்ட காலத்தில் ஊழியம்" என்று தலைப்பு. என் அக்கா மகன் என்று நெஞ்சு புடைத்ததில் சட்டைப் பொத்தான் தெறித்துச் சுவரில் பதிந்துவிட்டது. அப்போது நீ, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், பேர் வேண்டாம்" என்று ஆரம்பித்தாய்.

பெயரை மட்டும்தான் விட்டாய், மருமகனே. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார் என்றாய். வாயைத் திறந்தால் புளுகு என்றாய். குதிரை கனைப்பதுபோல் சிரிப்பார் என்று கனைத்தும் காட்டினாய். புதன்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்குப் போய் நோயாளிகளின் தலையில் கைவைத்து ஜெபிப்பார் என்றாய். வாசல் கதவின் நிறம் ஒன்றுதான் பாக்கி.

பிறகு குரலைத் தாழ்த்தினாய். தாழ்த்துவது உனக்கு நன்றாக வருகிறது. "ஒரே மகளை அடக்கம் பண்ணின நாள்லேர்ந்து அவருக்குள்ள ஜெபம் செத்துப்போச்சு. வாய் அசையுது, உள்ள ஒண்ணுமில்ல. குடும்ப ஜெபத்துல மனைவி கண்ணீரோட ஜெபிப்பாங்க, இவர் வெறும் ஆமென் சொல்லுவார். ஆனாலும் ஊழியத்த விட்டாரா பாருங்க!" என்றாய். உன் சபை கை தட்டியது. இங்கே கத்தி நின்றது. உன் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம் ரொம்ப காரம்" என்றாள். அன்று வாங்கிய வெங்காயத்தில் காரமே இல்லை.

நான் அதை உன்னிடம் எங்கே சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? நீ போன முறை வந்தபோது, கடையில், உன் கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருக்கையில் சொன்னேன். கண்ணாடி என் கையில் இருந்தது. அது இல்லாமல் உனக்கு என் முகம் சரியாகத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் வாய் திறந்தேன். சொன்னதோடு ஒரு கேள்வியும் கேட்டேன். உள்ளே ஒன்றுமில்லாதவன் இன்னொருவன் தலையில் கைவைத்து ஜெபிக்கலாமா? அது கீழ்ப்படிதலா, ஏமாற்றா? இரண்டில் எது என்று தெரியாமல் ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த வார்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்கிறேன் என்றேன். நீ, "யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்றாய்.

யோசித்திருக்கிறாய். பதிலை எனக்குச் சொல்லாமல் ஒரு மண்டபத்துக்குச் சொல்லியிருக்கிறாய்.

மறுநாளே நம் சபைச் செயலாளர் கடைக்கு வந்தார். அவருக்கு இருப்பது கழுகுப் பார்வை, அடுத்த கிரகத்தில் எறும்பு நடந்தாலும் அதன் நொண்டலைச் சொல்வார். அப்பேர்ப்பட்டவர் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி உட்கார்ந்தார். பலகையில் இருந்த கடைசி வரியைத் தப்பில்லாமல் வாசித்துவிட்டு, "அண்ணே, புதன்கிழமை ஊழியத்துக்குக் கொஞ்ச நாள் வேற ஆளை அனுப்பலாம்னு பேசிக்கிட்டோம். நீங்க ஓய்வெடுங்க. உங்களுக்காக விசேஷ ஜெபம் வச்சிருக்கோம்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கனைத்தேன். நீ கனைத்துக் காட்டியதைவிடப் பத்து மடங்கு கனைத்தேன். "ஐயா, அதையும் நம்பிட்டானா அவன்! சின்ன வயசுல நான் யானைக்குக் கண்ணாடி மாட்டின கதையைச் சொல்ல, அதை அப்படியே பள்ளிக்கூடத்துல போய்ச் சாட்சி சொல்லி அடி வாங்கினவனாச்சே. இதுவும் சும்மா விட்ட சரடு!" என்றேன். செயலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாயங்காலத்துக்குள் சபையே சிரித்தது. என் புதன்கிழமை என் கைக்கே திரும்பி வந்துவிட்டது. புளுகன் என்று பெயரெடுத்தவனுக்கு இப்படி ஒரு வசதி. உனக்கு வந்த நஷ்டம், இங்கே உன்னை யானைப் போதகர் என்கிறார்கள். அதைக் கேட்டு இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன். ஊழியக்காரனுக்கு அழகில்லைதான். இருந்தாலும் பட்டேன்.

ஆனால் புதன்கிழமை வந்ததே. என் பையில் வழக்கம்போல் வேதாகமம், நகவெட்டி, சின்னத் திருப்புளி. என் அனுபவத்தில் பாதி ஊழியம் நகவெட்டியால் நடக்கிறது. காய்ச்சலில் கிடக்கிறவனுக்குச் சங்கீதத்தை நீட்டி வாசிக்காதே, கட்டிலில் உட்கார்ந்து அவன் காலை இடிக்காதே, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பேசும்வரை சும்மா இரு. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இறையியல். தலைமை நர்சம்மா, அவர் அதட்டினால் செத்தவனும் எழுந்து படுக்கையைச் சரிசெய்வான், அன்று அவரே என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் கேட்டிருக்கிறார்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அங்கே மாதக்கணக்காக முதுகு எலும்போடு மல்லாடிக்கொண்டு கிடக்கிறார். அவருடைய மருமகள் உன் பிரசங்கத்தைப் போனில் போட்டுக் காட்டியிருக்கிறாள். என் யானைக் கதையை அவரிடம் எடுத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப இத்தனை நாளா எனக்காகப் பண்ணின ஜெபம்?" என்று கேட்டார். நான் பையைத் திறந்து நகவெட்டியைத் தேடினேன்.

அவரே பேசினார். "நான் காலமெல்லாம் தபால் கொடுத்தவன். உள்ள கல்யாணமா கருமாதியான்னு எனக்குத் தெரியாது. எனக்குச் சந்தோஷம் வந்தாத்தான் கொடுப்பேன்னு நின்னிருந்தா ஊர்ல ஒருத்தருக்கும் கடுதாசி போயிருக்காது. வைங்க கைய" என்றார். வைத்தேன். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை, கொஞ்சம்தான் சொன்னேன். முடித்ததும் ஒரு கண்ணைத் திறந்து, "ஒருத்தர் உறையையும் நான் பிரிச்சதில்ல சார். போஸ்ட் கார்டு மட்டும் படிப்பேன். திறந்து வந்தா என் தப்பா?" என்றார்.

நான் உன்னிடம் கொடுத்தது கார்டு இல்லை, மருமகனே.

நீ அனுப்பிய செய்தி வந்தது. "பலர் ஆசீர்வதிக்கப்பட்டார்கள் மாமா, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்று. பலர் ஆசீர்வதிக்கப்பட்டிருக்கலாம், நான் மறுக்கவில்லை. இயேசுவும் உவமை சொன்னார்தான். ஆனால் அர்த்தசாமத்தில் தன்னிடம் பயந்து பயந்து வந்தவன் கேட்டதை, விடிந்ததும் கடற்கரைக் கூட்டத்துக்கு அவர் உதாரணமாகச் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை. உன்னிடம் இனி எத்தனையோ பேர் வந்து வாய் திறப்பார்கள். அப்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேள். மேடை ஏறும்போது அதை மாட்டிக்கொண்டு, முன்வரிசையில் யார் யார் வெங்காயம் நறுக்குகிறார்கள் என்று பார்.

உன் அத்தை விஷயம். யானைக் கதை அவள் காதுக்கும் போனது. கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். துண்டை நீட்டிக்கொண்டே, "ஊருக்குச் சொன்ன பதில்தான் எனக்குமா?" என்றாள். நான் துண்டில் முகத்தைப் புதைத்தேன். "பாப்பா எனக்கும் பிள்ளைதானே. ஊருக்கெல்லாம் கதை சொன்ன வாய், எனக்கு ஒரு நிஜம் சொல்லலியே. அவனுக்குச் சொல்லியிருக்கு" என்றாள். அன்றிலிருந்து ஜெபத்தின் முடிவில் ஆமெனையும் அவளே சொல்லிவிடுகிறாள். எனக்கு இடம் விடுவதில்லை. நீ எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்திருக்கிறேனோ என்று நினைக்கும்போதுதான் உன்மேல் உள்ள கோபம் முழுசாக நிற்கமாட்டேன் என்கிறது. ஆனாலும் முக்கால்வாசி நிற்கிறது, பயப்படாதே.

எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதாதே. நீ அழகாக எழுதிவிடுவாய், அதை நான் நம்பியும் தொலைப்பேன். உன் அத்தைக்கு எழுது. பிரசங்கம் வேண்டாம். பாப்பாவும் நீயும் கடை வாசலில் பழைய கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு விளையாடியதை எழுது. பிறகு ஒரு நடை வந்து போ. திருகாணி எப்படியும் கழன்றிருக்கும்.

கர்த்தர் உன் வாய்க்குக் காவல் வைப்பாராக. உன் காதை மட்டும் எப்போதும் திறந்தே வைப்பாராக.

இந்தக் கடிதத்தை உறையில் போடுமுன் உன் அத்தையிடம் வாசிக்கக் கொடுக்கப்போகிறேன். ஆகவே உங்கள் இருவருக்கும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன். பேனா சாகவில்லை. மேசைக்கால் நேராகத்தான் இருக்கிறது. பொத்தான் பதிந்த சுவர் பொய், யானை பொய், குதிரைப்படை பொய். அன்று கடையில் உன் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேனே, அந்தச் சின்ன விஷயம் ஒன்றுதான் நிஜம்.

இப்படிக்கு,
இன்னும் புதன்கிழமைகளில் கடையை அடைக்கும்
உன் மாமன்