மிஞ்சிய இருவரில் மூன்றாமவர்

என் அருமை லூர்து மச்சான்,

நீ செத்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, உன் கட்டுகஸ்தோட்டை வீட்டில் சாப்பாடு. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். துக்கத்தில் பசிக்காது என்பவர்கள் உன் மனைவி மேரியின் கோழிக்கறியைச் சாப்பிட்டதில்லை. இரண்டாவது தட்டில்தான் உன் குட்டு உடைந்தது.

பக்கத்துக் கதிரையில் நிஸாம் நானா. மடவளையில் சப்பாத்துக்கடை வைத்திருப்பவராம். லூர்து எப்படிப் பழக்கம் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"செவ்வாய்க்கெழம கட மூடுற நாள். வந்து படம் பாப்பன். ஒலகம் அழிஞ்சி ரெண்டு பேர் மட்டும் மிஞ்சியீக்கிற மெதுவான படம். கண்டியிலயே இத ரசிக்கிறது நாங்க ரெண்டு பேருந்தான்டு லூர்து சென்னாரு."

கையிலிருந்த கோழிக்காலைத் தட்டில் வைத்தேன். பத்து வருடமாக நீ எனக்குச் சொன்ன அதே வசனம்!

கடுகண்ணாவையிலிருந்து ஞாயிறுதோறும் ரயிலேறி வந்து, ஆளில்லாத பூமியில் ஒரு கிழவன் தண்ணீர் கொதிக்கவைப்பதை இருபது நிமிடம் பார்த்தேனே, ரசனையாலா? பாதிப் படம் எனக்கு விளங்கவேயில்லை. "அண்ணே, படம் நின்னுருச்சா?" என்று மேரி எட்டிப்பார்க்கும்போது எனக்கும் அதே சந்தேகம்தான். உனக்கு என்னை விட்டால் வேறு துணை இல்லை என்று நம்பி உட்கார்ந்திருந்தேன்.

நானா படங்களின் பெயரைச் சொல்லச் சொல்ல, எல்லாம் நாம் பார்த்தவை. செவ்வாய் அவருக்கு, அந்த ஞாயிறே எனக்கு. "அடுத்து என்ன ஆகுமோ" என்று வேறு கேட்பாய். என்ன நடிப்புடா அது?

எரிச்சலில், "முடிவெல்லாம் எப்படி, நானா?" என்று சீண்டினேன்.

அவர் முகம் சுருங்கியது. "ஒரு முடிவும் பாக்கல்ல. பின்னேரம் அஸர் தொழுதிட்டு வந்து தொடங்கினா, கதை நகர முந்தி பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லிரும். மிச்சத்த அடுத்த கெழம பாப்போம்பாரு. அடுத்த கெழம வேற படம்."

பிறகு மெல்லக் கேட்டார்: "ஒங்களப் பத்தி ஒரு வார்த்த சென்னதில்லயே, ஏன்?"

அவருக்கும் வலித்தது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். பாவி நான்.

முடிவுகளை எனக்கென்று ஒதுக்கி வைத்தாயா, மச்சான்? இல்லை, வெறும் மறதியா? இந்தப் பாதிச் சமாதானத்தில் உன்னை மன்னித்துவிடுவேன் என்று நினைக்காதே.

மேரியிடம் படங்களை வாங்கிக்கொண்டேன். வரும் செவ்வாய் நானா மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும், எல்லா முடிவுகளையும் காட்டுவேன். ஒவ்வொரு கடைசிக் காட்சியிலும் நீ என் தோளில் சாய்ந்து அழுததை மட்டும் சொல்லமாட்டேன். சத்தியம். அதை அவருக்குத் தரமாட்டேன்.

இன்னமும் கோபமாக இருக்கும்
உன் மச்சான்,
சின்னராசு