தொண்ணூறாம் நாளுக்கு முன் இரண்டாம் குப்பியைச் சோதிக்கக் கோருதல்

அனுப்புநர்:
மூன்றாம் எண் கிரேன் ஓட்டுநர் (பணியிடை நீக்கத்தில்),
சரக்கு முனையம்.

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: போதைப் பொருள் சோதனையில் என் பெயரில் முத்திரையிட்டு வைத்துள்ள மாதிரியைக் கொட்டிவிடாமல் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் பதினேழு ஆண்டுகளாகக் கிரேன் ஓட்டுகிறேன். எண்பத்து மூன்று நாட்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை நண்பகலில், முனையத்தில் திடீர்ச் சோதனை நடந்தது. என் சிறுநீரை இரண்டு குப்பிகளில் பிரித்தார்கள். முதல் குப்பியில் ஒரு பட்டையை நனைத்தார்கள். சிவப்புக் கோடு விழுந்தால் ஆள் சுத்தம் என்று பொருளாம். எனக்கு விழவில்லை. ஐந்தே நிமிடத்தில் அபின் வகை என்று எழுதி, சாவியை வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது குப்பி முனையத்து ஆய்வகக் குளிர்பெட்டியில் இருக்கிறது. தொண்ணூறாம் நாள் அதைக் கொட்டிவிடுவது விதி. இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது.

2. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அந்த ஆய்வகத்துக்கு மூன்று முறை நடந்தேன். அங்கு பணிபுரியும் பெண் பொறுமையாக விளக்கினார். எச்சில் சோதனை நேற்று இன்று நடந்ததைச் சொல்லும். கண்ணெதிரே எடுப்பதால் யாரும் ஏமாற்ற முடியாது. இரத்தம் இப்போது உடம்பில் ஓடுவதைச் சொல்லும். ஆனால் ஊசி, தாதி, செலவு என்று நிர்வாகம் யோசிக்கிறது. முடி மூன்று மாதக் கதையைச் சொல்லும். போன வாரத்தை விட்டுவிடும். சிறுநீர் இரண்டு மூன்று நாள் பின்னோக்கிப் பார்க்கும். "ஐயா, இந்தப் பட்டைக்கு அபின் வகைன்னு மட்டும்தான் தெரியும். இருமல் மருந்தா, வேற கண்றாவியான்னு பிரிச்சுச் சொல்லத் தெரியாது. அதுக்குப் பெரிய மெஷின்ல போடணும்" என்பது அவர் சொன்னது. திங்கட்கிழமை கிரேனில் ஏறியபோது நான் நிதானத்தில் இருந்தேனா என்பதை அந்தப் பட்டை சொல்லவே சொல்லாது. என் மேலதிகாரிக்கோ அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

3. முடியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானே கேட்டேன். மேலதிகாரி என் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். முனையத்தில் என்னை 'கண்ணாடி' என்று கூப்பிடுவது மூக்குக் கண்ணாடிக்காக அல்ல. வழுக்கை விழுந்து பத்து வருடமாகிறது, அது சாட்சியை மறைக்க நான் செய்த சதி அல்ல என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

4. இனிச் சொல்வது நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது. என் மனைவி நுரையீரல் நோயில் இரண்டு வருடம் இருமினாள். மருத்துவர் எழுதித் தந்த இருமல் மருந்தில் அபின் வகையைச் சேர்ந்த கோடீன் உண்டு. இரக்கப்பட்டு நான் அளவைக் கூட்டிவிடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம். அதனால் ஒவ்வொரு வேளைக்கும் புட்டியின் மேல் அவளே பேனாவால் கோடு போட்டுவைப்பாள். அவள் போன பிறகு, கடைசிக் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் அளவு மருந்து மிச்சம் இருந்தது. பதினான்கு மாதம் அதை நான் தொடவில்லை. சோதனைக்கு முந்தைய சனி, ஞாயிறு எனக்கு வார விடுமுறை. கடும் இருமல். வீட்டில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துத் தர ஆளில்லை. அந்த இரண்டு விரல் மருந்தையும் இரண்டு நாளில் குடித்து முடித்தேன்.

5. சோதனைப் படிவத்தில் 'மருந்து ஏதும் உட்கொண்டீர்களா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். மறதி அல்ல. உண்டு என்று எழுதினால் புட்டியைக் கொண்டுவா என்பார்கள், கொண்டுபோனால் அவள் கோடு போட்ட புட்டி திரும்பி வராது என்று பயந்தேன். புத்தி கெட்ட வேலைதான், அம்மா. பொய் எழுதியதற்கு எந்தத் தண்டனை தந்தாலும் ஏற்கிறேன்.

6. என்னால் தாங்க முடியாதது வேறு. பதினோரு வருடம் கீழே நின்று வாக்கிடாக்கியில் எனக்கு வழிகாட்டியவர் எங்கள் சிக்னல்காரர். 'கொஞ்சம் எடதுண்ணே, போதும்ணே' என்ற அந்தக் குரலை நம்பித்தான் இருபது டன்னை இறக்குவேன். போன வாரம் அவருக்குப் போன் செய்தேன். "வேலையில இருக்கேண்ணே, அப்புறம் பேசுறேன்" என்றார். அன்று அவருக்கு விடுமுறை என்பது எனக்குத் தெரியும். கிரேன் அறையில் எட்டு மணி நேரம் தனியாகத்தான் இருப்பேன். ஆனாலும் காதில் ஒரு ஆள் இருப்பார். இப்போது வீட்டில் நான் தும்மினாலும் கேட்க ஒருவர் இல்லை.

7. ஆகவே, இரண்டாம் குப்பியைக் கொட்டுவதற்கு முன் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் இருப்பது இருமல் மருந்துதானா என்று பார்க்க ஆணையிடுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மருந்தைத் தவிர வேறு எது இருந்தாலும் என் வேலை எனக்கு வேண்டாம். மருந்து மட்டுமே இருந்தால், அந்த முடிவை முனைய அறிவிப்புப் பலகையில் சிக்னல்காரர் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டச் செய்யவும்.

இடம்: வீடு
நாள்: சோதனை முடிந்து எண்பத்து மூன்றாம் நாள்

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மூன்றாம் எண் கிரேன் ஓட்டுநர்

இணைப்பு:
மனைவியின் மருந்துச் சீட்டு, நகல் ஒன்று.
இருமல் மருந்துப் புட்டி, காலி, ஒன்று. ஆய்வு முடிந்ததும் இதைக் கழுவாமல், கோடுகள் அழியாமல், திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.